மாப்பிள்ளை சேர்ந்திருக்கும் மடம்

கிழக்குத் தாம்பரம்
12-11-2005

ஸ்ரீரங்கம் பக்தவச்சலம் அத்திம்பேருக்கு, ராஜகோபாலன் அநேக நமஸ்காரம். அக்காவுக்கும் சொல்லவும். இங்கு எல்லாரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்தத் தடவை அதற்குக் கை வரவில்லை.

நம் ஸ்ம்ருதிக்குத் தாங்கள் பார்த்துச் சொன்ன பெருங்களத்தூர் வரன் விஷயம். ஞாயிற்றுக்கிழமை நானும் ஆத்துக்காரி பட்டுவும் பையன் வீட்டுக்குப் போனோம். புது அடுக்குமாடி, லிஃப்ட் வேலை செய்கிறது, நல்ல மனுஷர்கள், கேசரியில் முந்திரி தாராளம், அதுவே எனக்கு உறுத்தியது. கை அலம்பப் பையன் ரூமுக்குப் போனால், கதவுக்குப் பின்னால் கணுக்கால் வரை தொங்குகிற பழுப்பு அங்கி, முக்காடு வேறே. பக்கத்தில் குழாய் மாதிரி ஒன்று. பொத்தானை அமுக்கினேன், பச்சையாக எரிந்து உறுமியது. ரயில்வே விஜிலென்ஸில் காலம் தள்ளினவன் இல்லையா, பையன் நிகிலைத் தனியாக விசாரித்தேன். விண்வெளிப் படங்களில் வருகிற வீரத் துறவிகளின் உடுப்பாம், குழாய் அவர்களுடைய வாளாம், இவன் கோஷ்டி மாதா மாதம் பள்ளிக்கரணையில் அதே வேஷத்தில் கூடுகிறதாம். கல்யாணத்துக்கு நிற்கிற பையன் வாயில் வருகிற வார்த்தையா அத்திம்பேர், துறவி?

விடுவேனா. கேம்ப் ரோடு சிடி கடையில் கேட்டேன். கடைக்காரர் சிட்டிபாபு, "சாமியாருங்கதான் சார், ஆனா ஃபைட்டு சோக்கா கீது" என்று ஒரு படத்தைக் கொடுத்தார். பட்டுவையும் உட்கார்த்தி வைத்துக்கொண்டு பார்த்தேன். அந்த மடத்தில் கல்யாணம் கூடாது, பாசம் கூடாது, பால்குடி மறக்காத குழந்தைகளைப் பெற்றவளிடமிருந்து வாங்கிக்கொண்டு போய் வளர்க்கிறார்கள். சாந்தி சாந்தின்னுண்டே அடுத்தவனை வெட்டித் தள்ளறா. அதைக்கூட விடுங்கோ. அவ்வளவு பெரிய மடம், தூண் தூணா நிக்கறது, வட்டமா உட்கார்ந்துண்டு கூட்டம் போடறா, படம் முடியறவரைக்கும் ஒருத்தரும் ஒரு வாய் சாதம் சாப்பிடலை. மடைப்பள்ளியையே காட்டலை. மடைப்பள்ளி இல்லாத மடம் நீங்க எங்கேயாவது பார்த்திருக்கேளா? என்னமோ மறைக்கறா.

எனக்குப் பயமே காசி யாத்திரைதான். எல்லா மாப்பிள்ளையும் சன்னியாசம் போறேன்னு குடையும் தடியுமா நாலடி நடப்பான், பெண்ணைப் பெத்தவன் கூப்பிட்டா சிரிச்சுண்டே திரும்பிடுவான். இவன் நிஜமாவே போறவன். பார்த்து வெச்சிருக்கற மண்டபமோ ஜி.எஸ்.டி. ரோட்டில், வாசல்லயே தெற்கே போற பஸ்ஸெல்லாம் நிக்கறது. ஏறிட்டான்னா ஸ்ம்ருதி கதி என்ன? ஒரே பொண்ணு, அத்திம்பேர். ஆகையால் ஜாதகம் பொருந்தவில்லை என்று தாங்களே பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிடவும்.

பெருமாள் கிருபையால் தங்கள் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்பும்,
ராஜகோபாலன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் விஷயம் மாறிவிட்டது. கோந்து தேடி ஸ்ம்ருதியின் அலமாரியைத் திறந்தேன். அதே பழுப்பு அங்கி, அதே குழாய், இது ஊதாவாக எரிகிறது. கேட்டால் நிதானமாகச் சொல்கிறாள்: "நான்தாம்ப்பா அங்க குரு. நிகில் போன வருஷம்தான் எங்கிட்ட சிஷ்யனா சேர்ந்தான்." அப்படியானால் பையன் ஜாதகத்தைத் தங்களிடம் சேர்ப்பித்தது யார் என்று இப்போது புரிகிறது. தாங்கள் கமுக்கமாக இருந்ததும் புரிகிறது. போகட்டும், தை மாதத்திலேயே முகூர்த்தம் பார்க்கவும். காசி யாத்திரைக்குக் குடை மட்டும் இரண்டாக வாங்கிவிடுகிறேன்.