கொழுக்கி அண்ணையின் டிக்கிப் பரிசோதனை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓடுகிற இறக்குமதி ஜீப்புகள் அத்தனையின் பின்பக்கத்தையும் அறிந்த ஒரே மனிதர், அச்சுவேலியில் கராஜ் வைத்திருக்கும் கொழுக்கி அண்ணைதான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

யப்பான் ஜீப் ஒன்றை வாங்கி, மினுக்கி, ஒயில் மாற்ற அவரிடம் கொண்டுபோனேன். நிறத்தைப் புகழ்வார் என்று பார்த்தால், மனிதர் நேரே டிக்கியைத் திறந்து விரிப்பைக் கிளப்பினார்.

“கொழுக்கி எங்கை?”

“என்ன கொழுக்கி, அண்ணை?”

“வாகனம் புதைஞ்சால் கயிறு கொழுவி இழுக்கிற இரும்பு வளையம். உந்தக் குழிக்குள்ளை கிடக்கவேணும். யப்பான்காரன் விசரிலையே இடம் விட்டவன்?”

“நான் பிள்ளையளைப் பள்ளிக்கூடம் ஏத்தத்தானே வாங்கினனான்.”

“பள்ளிக்கூடத்துக்குப் போற ஒழுங்கையிலை வெள்ளம் வராதோ?”

ஒயில் மாற்ற மறுத்துவிட்டார். மூன்று வாரம் அலைந்து, கொழும்பிலிருந்து அந்த வளையத்தை வரவழைத்து, நானே குனிந்து பம்பரில் திருகிக் காட்டிய பிறகுதான் பொனெற்றைத் திறந்தார்.

நெல்லியடியில் ஒரு கலியாணம். பூமாலை சுற்றிய மாப்பிள்ளை ஜீப்பின் பின்னால், கொழுக்கி அண்ணை பட்டு வேட்டியோடு குந்திவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பன் பதறி ஓடிவந்தார்.

“என்ன தேடுறியள்?”

“உங்கடை மகனிட்டைக் கொழுக்கி இருக்கோ எண்டு பாக்கிறன்.”

பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு வந்தது அந்த மார்கழி மழை. ஒரு காலை நேரம், அவரை ஏற்றிக்கொண்டு தொண்டைமானாற்றுப் பக்கம் போனேன். ஒடுங்கிய வீதிக்குக் குறுக்கே ஒரு புது ஜீப், மூக்கை வாய்க்காலுக்குள் விட்டுக்கொண்டு நின்றது. அதற்கு அப்பால் அம்புலன்ஸ் ஒன்று வழியில்லாமல் அலறியது. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். அம்புலன்சுக்குப் பின்னாலும் வெள்ளம், திரும்பிப் போகவும் முடியாது.

ஆட்கள் பம்பரைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“கட்டாதேங்கோ! பம்பர்தான் கழண்டு வரும்!” என்று கத்திக்கொண்டே கொழுக்கி அண்ணை முழங்கால் தண்ணீரில் குதித்தார். ஜீப்காரரிடம், “உங்கடை கொழுக்கி எங்கை?” என்றார்.

“அப்பிடி ஒண்டும் தரேல்லை ஐயா.”

அண்ணை டிக்கியைத் திறந்தார். விரிப்பைக் கிளப்பினார். உறை பிரிக்காத வளையம், குழிக்குள் பத்திரமாக இருந்தது. பின் பம்பரின் சின்ன மூடியை நெம்பி, வளையத்தைத் திருகி, சக்கரம் கழற்றும் தடியால் இறுக்கினார். அம்புலன்சிலிருந்து இறங்கிய அந்தப் பெண்ணின் தகப்பன், கடற்றொழிலாளி, கயிற்றை வாங்கி என் ஜீப்போடு சேர்த்து முடிச்சுப் போட்டார். ஒருமுறை இழுத்துப் பார்த்தார்; முடிச்சு அசையவில்லை.

“மெல்ல… மெல்ல… வெட்டி இழுக்காதை!” என்று அண்ணை என்னைப் பார்த்துக் கத்தினார்.

என் கால் அக்சிலேற்றரில் கூசிக் கூசி அமர்ந்தது. கயிறு விறைத்தது. ஜீப் ஒருமுறை முனகிவிட்டு வாய்க்காலை விட்டு ஏறியது. இரண்டு வாகனங்களும் அகலமான இடத்தில் ஒதுங்க, தகப்பன் அண்ணையின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு மறுபடி ஏற, அம்புலன்ஸ் எங்களைத் தாண்டிப் பறந்தது.

மத்தியானம் அந்தத் தகப்பன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். பெண் குழந்தை. இருவரும் சுகம்.

“நல்லது,” என்றார் கொழுக்கி அண்ணை. மூக்கை மட்டும் இருமுறை உறிஞ்சினார்.

திரும்பி வரும்போது அவர் உடம்புச் சேறு என் ஜீப்பின் புதுச் சீற்றெல்லாம் அப்பியிருந்தது. சந்தியில் கூட்டமாக ஆட்கள் நின்றார்கள். என் பக்கத்தில் இருப்பவர் யாரென்று எல்லோரும் வடிவாகப் பார்க்கட்டும் என்று, கண்ணாடியை இறக்கிவிட்டு, நடக்கிற வேகத்தில் ஓட்டினேன்.