இஞ்சுரி என்ற கட்டம்

“இன்னாபா சிங்காரம், இவ்ளோ பெரிய கட்டத்துல ஒரே வரியா?”

மேஸ்திரி முருகவேல் விபத்தை எழுதித் தரும் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

அம்மையார்குப்பம் தறி ஷெட்டில் காலையில் ஊடைநூலோடு ஓடும் நாடாக்கட்டை தெறித்து சிங்காரத்தின் மணிக்கட்டில் அடித்திருந்தது. மேஸ்திரி முத்திரை குத்தினால்தான் முதலாளி அந்தத் தறியை நிறுத்திச் சரிசெய்வார். நாளை அதில் நிற்கப்போவது சிங்காரத்தின் மனைவி கமலா.

கட்டத்தின் தலைப்பு ‘இஞ்சுரி’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஐம்பது வயதில் எழுத்து கற்ற சிங்காரம் ‘கை வீக்கம்’ என்று எழுதியிருந்தார். இப்போது இன்னொரு தாளில் ‘வலது மணிக்கட்டு, நல்ல வீக்கம், தாங்க முடியாத வலி’ என்று வீங்கிய கையாலேயே எழுதினார்.

“கோட்டைத் தாண்டிடுச்சேபா. முதலாளி பாக்கறது, அழகா இருக்க வாணாம்?”

சாப்பாட்டு வேளையில், எழுத்து கற்றுத்தந்த சுசித்ராவின் வீட்டுக்குப் போனார்.

“டீச்சரம்மா, இஞ்சுரின்னா காயம் மட்டுந்தானா?”

“இப்ப அப்படித்தான் நைனா. அது பொறந்தது லத்தீன்ல. அங்க நியாயம் இல்லாததுன்னு அர்த்தம். ஒருத்தருக்குப் பண்ற அநியாயம். உடம்புல படற காயம் அப்புறமா வந்து ஒட்டிகினது.”

சிங்காரம் கையைப் பார்த்தார். வீக்கம் நாலு நாளில் வற்றிவிடும். மற்றது?

மூன்றாவது தாள் எடுத்தார். ‘நாடாப்பெட்டி ஆறு மாசமா ஆடுது. மேஸ்திரிகிட்ட மூணு தடவை சொன்னேன். காதுல வாங்கலை. நாளைக்கு என் சம்சாரத்தை அடிக்கும். இது நியாயம் இல்லை.’

படித்துக் காட்டியதும் கமலா தலையில் அடித்துக்கொண்டாள். “அவரைப் பத்தி எழுதி அவர்கிட்டயே குடுக்கறியா மாமா? ரெண்டு பேரையும் தொரத்திடுவாரு!”

மேஸ்திரி தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஆங், இதான்யா எழுத்து! நெய்ஞ்சா மாதிரி நேரா நிக்குது.”

முத்திரை ‘டப்’பென்று விழுந்தது.

“தன் தப்பைப் படிச்சிட்டு எவன் முத்திரை குத்துவான்? பெரிய மனுஷன்டீ,” என்றார் சிங்காரம் கமலாவிடம். கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் முதலாளி போனில் மேஸ்திரியைக் கிழித்தெடுத்தது தெருவுக்கே கேட்டது. தறி நின்றது.

ஷெட் பெருக்கும் ஜெயம்மாள் சிங்காரத்தை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“அண்ணா, யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். நீ படிச்ச கிளாசுல, மொதல்லேர்ந்து, அனா ஆவன்னாலேர்ந்து சொல்லித் தருவாங்களான்னு மேஸ்திரி கேட்டுகினு வரச் சொன்னாரு.”