பெண் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு மலையிடுக்கு

என்னைப் போன்ற அவசரக்காரன் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நிதானமாக நின்றால், அது நிற்கவே கூடாத இடமாகத்தான் இருக்கும்.

ஷரோனும் நானும் ஓக்லாந்து நகரில் படிக்கும்போது காதலித்தோம். அவள் மன்னார்க் கத்தோலிக்கப் பெண், வீடு தெற்கே சில மணிநேரத் தூரத்தில், ஏரிக்கரை ஊரான தவுப்போவில். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவம். நீண்டகாலம் முறுக்கிக்கொண்டு நின்ற அவளுடைய அப்பா, கடைசியில் ஒரு கோடைகால ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எங்களை வரச் சொன்னார். பட்டு வேட்டியும் பலகாரத் தட்டும் பெரியப்பாவுமாக ஓக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயிலிருந்து காரில் புறப்பட்டேன். வழியெல்லாம் நெரிசல். தவுப்போவை நெருங்கும்போது பெரியப்பா அலறினார்.

"தம்பி, காரை நிப்பாட்டு! நாலரை ஆகீட்டுது. ராகுகாலம்!"

"அவை வேதக்காரர், பெரியப்பா. அவைக்கு அதெல்லாம் இல்லை."

"எங்களுக்கு இருக்குதெல்லே! முடியட்டும், போவம்."

தெருவோரம் நிறுத்திவிட்டு, தண்ணீர்ச் சத்தம் கேட்ட பக்கம் மரங்களுக்கூடாக நடந்தோம். (வேட்டிக்கு ஏது பை? போன் காரிலேயே கிடந்தது.) மரங்கள் முடிந்த இடத்தில் என் வாயும் திறந்துகொண்டது. எரிமலை எப்போதோ கக்கிய கரும்பாறையைப் பிளந்துகொண்டு வைக்காட்டோ ஆறு பாய்ந்தது. அப்படியொரு நீலப்பச்சையை நான் எந்தச் சேலையிலும் கண்டதில்லை. பாறையில் மோதி வெள்ளையாய் நுரைத்து, அடுத்த வளைவில் மறுபடி பச்சையாகியது. கண்ணீர் வந்துவிட்டது. பெரியப்பா ராகுகாலத்தை மறந்தார். நான் ஷரோனையே மறந்தேன்.

திரும்பி வந்தபோது போனில் அவளுடைய ஒரே செய்தி: "அப்பா கோவத்தோட பூசைக்குப் போயிட்டார்."

பூட்டிய வீட்டு வாசற்படியில், ஆற்றுச் சாரலில் நனைந்த வேட்டியோடு தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். பூசை முடிந்து வேதக் கோயிலிலிருந்து ஷரோன் வீட்டார் எல்லோரும் வந்தார்கள்.

"என்ன தம்பி, கார் ரயர் காத்துப் போட்டுதோ?" என்றார் ஷரோனின் அப்பா.

"ஓம் ஓம்," என்றார் பெரியப்பா, பிழைத்தோம் என்ற முகத்துடன்.

என் வாய் சும்மா இருக்குமா? "இல்லை அங்கிள். கல்லிடுக்கால தண்ணி பாயிறதைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டம். உங்கட மகளையும் மறந்துபோனன்."

ஷரோன் தலையில் கைவைத்தாள். அவர் என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு கார்ச் சாவியை எடுத்தார்.

"ஏறும். இவ்வளவு வருசமா அதால போறன், ஒருநாளும் இறங்கிப் பாக்கேல்லை. இருட்ட முதல் காட்டும்."

இப்போது யார் விருந்துக்கு வந்தாலும் மாமா அந்த இடத்துக்குத்தான் கூட்டிப்போவார். ஆற்றை ஒருதரம் காட்டுவார், என்னை ஒருதரம் காட்டுவார்.

"பொய் சொல்லவும் தெரியாத விசரன். அதாலதான் பிள்ளையைக் குடுத்தனான்."