முடியும் என்றால் நிற்கும் கை

அரங்கத்தில் நாற்காலி அறுநூறு. உள்ளே இருந்த தலை ஆயிரம். மீதி நானூறு பேர் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்காதீர்கள். 'இடமில்லை' என்று சொல்வது அங்கே பாவம். ஒருவர் மடியில் ஒருவராக, மூச்சு முட்ட, முகத்தில் சிரிப்போடு உட்கார்ந்திருந்தார்கள்.

மேடையில் பாசிட்டிவ் மாஸ்டர். கைவசம் இருந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். ஒருவரைக் கூப்பிட்டுக் கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்வார். "முடியாதுன்னு சொல்லு!" அவரும் சொல்லுவார். மாஸ்டர் இரண்டு விரலால் அழுத்துவார். கை பொத்தென்று விழும். "இப்ப முடியும்னு சொல்லு!" மறுபடி அழுத்துவார். கை தூண் மாதிரி நிற்கும். அரங்கம் அதிரும். போகும்போது ஆளுக்கொரு செம்பு வளையம் வாங்கிப் போவார்கள். கெட்ட எண்ணங்களை அது வடிகட்டிவிடுமாம். வடிகட்டியதை எப்போது கழுவிக் கொட்டுவது என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு முதலாளியும் இருந்தார். உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைத்துக் கொடுக்கும் தொழில். மறுநாளே தொழிலாளர்களுக்கு நாற்பது வளையம் வந்து இறங்கியது. கேட்டு வைத்திருந்த புதுக் கம்பிக் கயிறு மட்டும் வரவில்லை.

கேட்டிருந்தவள் 'ஆனா அக்கா'. துடைக்கிறவர்கள் நின்று வேலை செய்யும் தொங்குமேடையின் கயிறு, மோட்டார், பிரேக் எல்லாவற்றையும் சோதிப்பது அவள் வேலை. யார் எதைச் சொன்னாலும் "ஆனா..." என்று இழுப்பாள். அதனால் அந்தப் பெயர். அவளிடம் இருபத்து மூன்று கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. கயிறு அறுந்தால்? பிரேக் வழுக்கினால்? மேலே நிற்பவருக்குத் தலை சுற்றினால்? தினமும் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிய பிறகுதான் மேடை நகரும். பதினொரு வருடத்தில் ஒருவர்கூட விழவில்லை. விழாததைப் பார்த்து யார் கைதட்டுவார்கள்?

"இருபத்து மூணு கேள்வி, இருபத்து மூணு அபசகுனம்மா. இனிமே இந்தத் தாள் வேண்டாம்" என்றார் முதலாளி.

மூன்று வாரமாகச் சோதனை இல்லை. அந்த மேடையில் தினமும் பத்தொன்பதாவது மாடிக்குப் போகிறவர் அவளுடைய புருஷன். அந்த மனுஷனுக்கோ வளையம் மாட்டியதிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

"ஏங்க, சமையலறைக் குழாய் ஒழுகுது."

"ஒழுகுதுன்னு சொல்லாதே. தண்ணி தாராளமா வருதுன்னு சொல்லு."

"வாளி நிரம்பி வீடெல்லாம் ஓடுதே!"

"பாரு, நிரம்புது! நல்ல வார்த்தை!"

தலையில் அடித்துக்கொண்டு அவளே துடைத்தாள். குழாய் கிடக்கட்டும். மனுஷன் ஏறுகிற கயிறு? மூன்று வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, முதலாளி கூப்பிட்டு மாஸ்டரே வேலையிடத்துக்கு வந்தார். கட்டட வாசலில் தொங்குமேடை காத்திருந்தது. அதைச் சுற்றித் தொழிலாளர்கள். அவர்களைச் சுற்றித் தெரு. "இங்கேயே அதிகமா எதிர்மறையா யோசிக்கிறது யாரு?" என்றார் மாஸ்டர். நாற்பது விரலும் ஒரே பக்கம் நீண்டன. புருஷனுடைய விரல்தான் முதல்.

அக்கா கையை நீட்டினாள். 'முடியாது', விழுந்தது. 'முடியும்', நின்றது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அக்கா தன் கையைப் பார்க்கவில்லை, அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லாருக்குங்க. ஆனா..."

"ஆரம்பிச்சுட்டா!" என்றார் புருஷன்.

"ஆனா, வாயைத் திறக்காம மனசுக்குள்ள நினைச்சாலும் வேலை செய்யுமா?"

"எண்ணம்தானேம்மா சக்தி! பேஷா செய்யும்."

அக்கா பத்துச் சீட்டு எழுதினாள். ஐந்தில் 'முடியும்', ஐந்தில் 'முடியாது'. குலுக்கி ஒவ்வொன்றாகப் புருஷனிடம் கொடுத்தாள். அவர் யாருக்கும் காட்டாமல் படித்து, மனதுக்குள் சொல்லிக்கொண்டு கையை நீட்ட வேண்டும். மாஸ்டர் அழுத்திப் பார்த்து எந்தச் சீட்டு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

முதல் சீட்டுக்கே மாஸ்டருக்கு வியர்த்தது. விரல் மணிக்கட்டுக்குப் போனது, முழங்கைக்கு வந்தது, வழி தெரியாமல் நின்றது. பத்தில் நாலு சரி.

"காசைச் சுண்டிப் போட்டிருந்தா அஞ்சாவது வந்திருக்கும்" என்றார் மேடையின் மோட்டாரை ஓட்டுகிறவர்.

"'முடியும்'னு கத்துங்க" என்று சொல்லி, அக்கா புருஷனின் மணிக்கட்டில் அழுத்தினாள். கை விழுந்தது. "'முடியாது'ன்னு கத்துங்க." முழங்கைக்குப் பக்கத்தில் அழுத்தினாள். அசையவே இல்லை. "கதவைத் தாழ்ப்பாள் பக்கம் தள்ளினா ஒரு விரல் போதும். கீல் பக்கம் தள்ளிப் பாருங்க, திணறிடுவீங்க. இவர் விழ வைக்கணும்னா ஓரத்துல அழுத்துறாரு. நிக்க வைக்கணும்னா உள்ளே தள்ளி அழுத்துறாரு. இதுல எண்ணம் எங்கே வந்தது?"

"உன் கெட்ட அலை குறுக்கே வந்துடுச்சு!" என்று சீறினார் மாஸ்டர்.

முதலாளிக்குப் பாதி மனம். நாற்பது வளையத்தை வாங்கிய மனம் லேசில் மாறுமா? பவ்யமாகக் கைகட்டினார். "அப்போ மாஸ்டர், நீங்களே ஒருதரம் மேடையில மேலே போய் வந்துடுங்க. உங்க நல்ல அலை போதும், எல்லாம் சரியாயிடும்."

மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். ஒன்று, இரண்டு என்று பத்தொன்பது மாடி. தொண்டையைச் செருமினார்.

"கயிறெல்லாம்... செக் பண்ணியாச்சில்ல?"

தெருவே சிரித்தது. வண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. கயிற்றை இறக்கச் சொன்னாள். கையுறை மாட்டி, பழைய துணியால் கயிற்றைப் பிடித்து உருவிக்கொண்டே போனாள். பாதியில் துணி சிக்கியது. விரித்துப் பார்த்தால் ஒரே இடத்தில் ஒன்பது கம்பி இழை அறுந்து முள்ளாய் நீட்டிக்கொண்டிருந்தது.

புருஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சனிக்கிழமைகூட இதுலதானே ஏறினேன்?"

"ஏறினீங்க. சிரிச்சுக்கிட்டே ஏறினீங்க" என்றாள். சொன்னதும் அழுதுவிட்டாள்.

முதலாளி திரும்பினார். மாஸ்டரைக் காணோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் 'இனி இங்கே இருக்க முடியாது' என்று சரியாக நினைத்திருக்கிறார்!

கெட்டதை நினைக்காதே என்று யாராவது சொன்னால், அவரையே முதலில் ஏறச் சொல்லுங்கள். தன் உயிர் என்றதும் கயிற்றைப் பற்றிக் கேட்கிறவர், உங்கள் உயிர் என்றால் மட்டும் ஏன் கேட்காதே என்கிறார்? இதை யோசிக்கச் செம்பு தேவையில்லை, ஐயா. கழுத்துக்கு மேலே இருப்பதே போதும்.