ராணுவத்தில் இல்லாத டப்பா

"எங்க வீட்டுக்காரருக்குப் போர்னா உசுரு. சண்டைன்னாதான் பயம்."

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு ராஜம்மாளிடம் என் மனைவி வள்ளி சொன்னது, படிக்கட்டில் நின்ற என் காதில் விழுந்தது. அன்றே முடிவெடுத்தேன். இந்த ஒரு சண்டையிலாவது ஜெயிப்பது.

சண்டை ஒரு டப்பாவைப் பற்றியது.

நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர்; போர்க்கள மாதிரிகள் செய்வது பொழுதுபோக்கு. வள்ளியின் தம்பி எழில் எல்லையில் குண்டு பட்டுச் செத்து ஆறு வருஷம். கீழ்பென்னாத்தூரில் அவன் படித்த பள்ளியில் வைப்பதற்காக, அவன் கடைசியாகக் காவல் நின்ற பனிமலை முகாமைச் சின்னதாகச் செய்துகொண்டிருந்தேன். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. சிப்பாய் ஒரு சாண்கூட இல்லை. ஆனாலும் முதுகுப் பைக்கு எத்தனை வார், மண்வெட்டி எவ்வளவு நீளம், தண்ணீர்க் குடுவை எந்தப் பக்கம், எல்லாம் படம் பார்த்து அளந்து செய்தது. ஒரு கொக்கி தப்பில்லை.

"எல்லாம் சரிங்க. டப்பா எங்க?"

"எந்த டப்பா?"

"நான் குடுத்தனுப்புன எவர்சில்வர் டப்பா. பையிலயே மாட்டிக்கினு திரியறேன்னு போன்ல சொன்னானே."

"ராணுவத்துல எவர்சில்வர் டப்பா கெடையாது வள்ளி. அது வரலாற்றுப் பிழை."

"அவன் இன்னா உங்க வரலாறா? என் தம்பிங்க."

"ஆதாரம் இருக்கா?"

ஆதாரம் கட்டிலுக்கடியில் இருந்தது. எழிலின் உடலுக்குப் பின்னால் வந்த கறுப்பு இரும்புப் பெட்டி. வந்த நாளிலிருந்து அவள் அதைத் திறக்கவில்லை. யாரையும் தொடவிடவும் இல்லை. டப்பா உள்ளே இருந்தாலும் தாங்காது, இல்லாவிட்டாலும் தாங்காது என்பாள். சாவி எப்போதும் அவள் இடுப்பில்.

பௌர்ணமி வந்தது. கிரிவலம் பதினாலு கிலோமீட்டர். நாலு மணி நேரம் வீடு என் வசம்.

"இந்தத் தடவ நீ மட்டும் போயிட்டு வா. எனக்கு முட்டி வலி."

"எந்த முட்டி?"

"ரெண்டும்."

"நேத்து ஒண்ணுதான் சொன்னீங்க. அதுக்குள்ள ஜாஸ்தியாயிடுச்சா?" சற்று நேரம் என் முழங்காலையே பார்த்தாள். "சரி, சோறு எடுத்து வெச்சிருக்கேன். தேடினா கெடைக்கும்."

காலையிலேயே கிளம்பினாள். தெருமுனை திரும்பியதும் பார்க்கிறேன், சாவி ஆணியில் தொங்குகிறது. மறந்துவிட்டாள்! அண்ணாமலையாரே என் கட்சி.

ஆறு வருஷத் துருப்பிடித்த பூட்டு முனகாமல் திறந்தது. அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். விரலில் தேங்காயெண்ணெய் ஒட்டியது.

மேலாக அவன் சட்டை, மடித்தபடி. சட்டையின் மேல் எவர்சில்வர் டப்பா. ஒரு பக்கம் உள்வாங்கி நசுங்கியிருந்தது. மூடியில், எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் வெட்டித் தந்த பெயர்: இ. வள்ளி.

தூக்கினேன். கனத்தது. சூடாக இருந்தது.

உள்ளே எலுமிச்சைச் சோறு. ஓரத்தில் எனக்குப் பிடித்த உருளைக்கிழங்கு.

மணி ஒன்பதுகூட ஆகவில்லை. உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவித் துடைத்தேன். நீளம், அகலம், உயரம், நசுங்கலின் ஆழம் எல்லாவற்றையும் அளந்து, பன்னிரண்டால் வகுத்தேன்.