ஆற்றைச் சாலையாக்கிய கூட்டத்தொடர்

வரைபடத்தை மடித்தால் மடிப்புக்குள் காணாமல் போய்விடும் அளவில் ஒரு நாடு இருந்தது. மேன்மைநாடு என்று பெயர். அந்த நாட்டில் ஓர் ஆறு, ஆற்றின் நடுவே ஒரு திட்டு, திட்டில் நூற்றெண்பது வீடுகள். பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் கரையில். நடுத்திட்டு மக்கள் எதற்குப் போவதென்றாலும் பேச்சிக்கனியின் படகில்தான் போக வேண்டும். புருஷன் போன பிறகு பதினாறு வருஷமாக அவள்தான் துடுப்புப் போடுகிறாள்.

பாலம் வேண்டும் என்று ஊர் கேட்டது. கேட்டவர்களில் பாதிப் பேர் செத்த பிறகு நாட்டின் பேரவை கூடியது. நாற்பது நாள் விவாதித்து, அந்த ஆற்றைச் சாலை என்று அறிவித்தது. சாலை இருக்கும் இடத்தில் பாலம் எதற்கு என்று உறுப்பினர் ஒருவர் கேட்டதும் பாலத்தின் கோப்பை மூடிவிட்டார்கள். அடுத்த தொடரில், சக்கரம் இல்லாத வாகனங்கள் சாலையில் ஓடக்கூடாது என்று சட்டம் வந்தது. பேச்சிக்கனி படகின் இரு பக்கமும் பழைய சைக்கிள் சக்கரங்களைக் கட்டினாள். படகு அன்றிலிருந்து குடிகாரனைப் போல ஒரு பக்கமாகவே போனது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். பேரவை முடிந்ததும் உறுப்பினர் தம் தொகுதிக்கு வந்து, என்னென்ன சட்டம் நிறைவேறியது என்று ஊர்கூட்டி வாசிக்க வேண்டும். நடுத்திட்டின் உறுப்பினர் வாகைமார்பர் வாசிக்க ஆரம்பித்தால் மூன்று மணி நேரம். வெயிலில் உட்கார்ந்த சனம் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தது. பத்திக்குப் பத்தி பலமாகக் கைதட்டினால் மனிதர் குளிர்ந்துபோய் அடுத்த பத்திக்குத் தாவிவிடுவார்.

மாசிக் கூட்டத்துக்கு அவர் சாலை வழியாகவே வந்தார். அதாவது, இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, பலகைமேல் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். காருக்கு நான்கு சக்கரம் இருந்ததால் சட்டப்படி குறை சொல்ல முடியாது.

"ரோடு எப்படி அய்யா இருக்கு? குண்டும் குழியுமா இல்லியே?" என்று கேட்டார் வலை பின்னும் தங்கப்பழம்.

"சற்று ஈரமாக இருக்கிறது," என்றார் உறுப்பினர்.

பிறகு மேடையேறி வாசித்தார். "வாக்காளப் பெருமக்களே, இந்தத் தொடரில் உங்களுக்காக மூன்று சட்டங்களை நிறைவேற்றியிருக்கிறேன். முதலாவது, அரசுப் பதிவேடுகளில் ஆறு, நதி, வெள்ளம் ஆகிய சொற்கள் நீக்கப்படுகின்றன. இனி இந்நாட்டில் எவரும் வெள்ளத்தால் பாதிக்கப்பட மாட்டார்."

சனம் கைதட்டியது.

"சென்ற மழைக்காலத்தில் இச்சாலையில் பதினோரு பேர் மூழ்கியது அரசின் கவனத்துக்கு வந்துள்ளது. ஆகவே இரண்டாவதாக, மூன்று இடங்களில் பாறைகளைக் கொட்டி வேகத்தடை அமைக்கப்படும்."

இதற்கும் தட்டினார்கள். பேச்சிக்கனியும் தட்டினாள்.

"மூன்றாவதாக, பிரேக் இல்லாத வாகனங்கள் இன்று மாலைக்குள் முத்திரையிடப்படும்."

பேச்சிக்கனியின் கைகள் பாதியில் நின்றன. அவள் எழுந்தாள்.

"அய்யா, படகுல எங்கிட்டுய்யா பிரேக்கு வைக்க? எம் மவ வடிவுக்கு அடுத்த மாசம் பேறுகாலம். தலைச்சன் பிள்ள. ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?"

"சாலை இருக்கிறதே அம்மா."

"அதுல நடந்தா முங்கிருவோம்."

உறுப்பினர் பக்கத்திலிருந்த குறிப்பெழுத்தரிடம் குனிந்தார். "பாதசாரிகள் ஓரமாகச் செல்ல வேண்டும் என்பதை அடுத்த தொடருக்குக் குறித்துக்கொள்ளும்."

"இந்தச் சட்டத்த யாருய்யா கேட்டா?" என்றாள் பேச்சிக்கனி.

"நீங்கள்தான்," என்றார் உறுப்பினர், உண்மையாகவே வருத்தப்பட்டு. குறிப்பெழுத்தர் ஏட்டைப் புரட்டி வாசித்தார். "ஐப்பசிக் கூட்டம். சக்கரம் பற்றிய பத்தி. கைதட்டல் இரண்டு நிமிடம். மக்கள் மேலும் கடுமையான சட்டம் கோருகின்றனர் எனப் பேரவைக்கு அறிக்கை அனுப்பப்பட்டது."

"அடப் பாவி, சீக்கிரம் முடியட்டும்னுல தட்டுனோம்," என்றாள் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய், வாய்க்குள்ளேயே.

அன்று மாலை படகின் கயிற்றில் அரக்கு முத்திரை விழுந்தது. பேச்சிக்கனி நாள் எண்ணத் தொடங்கினாள். வடிவு தினமும் காலையில் திட்டின் ஓரத்தில் வந்து நின்று, அக்கரையில் தெரியும் ஆஸ்பத்திரியின் மஞ்சள் சுவரைப் பார்த்துவிட்டுப் போனாள்.

பங்குனியில் தேர்தல். வாக்குச்சாவடி அக்கரையில். ஒரு வாரம் முன்னதாக அரசாணை வந்தது: வாக்குப்பதிவு நாளன்று காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மேற்படி சாலை, நீக்கப்பட்ட சொல்லுக்கு விலக்கு அளித்து, தற்காலிகமாக ஆறாகக் கருதப்படும். முத்திரைகளை உடைத்தார்கள். சக்கரங்களைக் கழற்றினார்கள். வெளியூரிலிருந்து இருபது படகுகள் வந்தன, மாலை போட்டு, மைக் கட்டி. தண்ணீரைத் தண்ணீராகப் பார்க்க ஊருக்கே ஆசையாக இருந்தது.

வடிவுக்கு அன்றைக்கு விடியும்போதே வலி கண்டது. கைத்தாங்கலாகப் பிடித்துப் படகுத்துறைக்குக் கொண்டுவந்தாள் பேச்சிக்கனி. கையில் பட்டியலோடு நின்ற கட்சிக்காரன் மறித்தான்.

"பூத் சிலிப் இருக்கா? ஓட்டுப் போடுறவங்களுக்குத்தான் படகு."

"இது எம் படகுய்யா."

"இன்னைக்கு இது வாக்காளர் படகு. சிலிப்பக் காட்டு."

காட்டினாள். அவன் வடிவின் வயிற்றைப் பார்த்தான், பட்டியலைப் பார்த்தான். "சரி, ஏறட்டும். மொத ஓட்டு, அப்புறந்தான் ஆஸ்பத்திரி. கணக்கு கொறஞ்சா என்னைத்தான் கேப்பாங்க."

வடிவு வரிசையில் நின்றாள். ஆறுமுகத்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு. பெண்கள் அவளை முன்னால் தள்ளிவிட்டார்கள். விரலில் வைத்த மை காய்வதற்குள் ஆஸ்பத்திரி வாசலைத் தொட்டார்கள். பெண் குழந்தை பிறந்தது. மாலை ஐந்து மணிக்கு ஆறு மறுபடியும் சாலையானது. பேச்சிக்கனியின் படகு ஆஸ்பத்திரிக் கரையிலேயே முத்திரையிடப்பட்டது.

மூன்றாம் நாள் வாக்கு எண்ணினார்கள். வாகைமார்பரே வென்றார். நடுத்திட்டில் பாதிப் பேர், 'மனுசன் படகு விட்டாரே' என்று அவருக்கே போட்டிருந்தார்கள்.

அன்று பிற்பகல் பேச்சிக்கனி பேத்தியைத் துணியில் சுற்றி, வடிவைக் கையைப் பிடித்து, கரைக்கு அழைத்து வந்தாள். இருவரையும் படகில் உட்கார வைத்தாள். ஒரு கல்லை எடுத்து முத்திரையைத் தட்டினாள். இரண்டாம் அடியில் அது விழுந்தது.

கரையில் நாற்காலி போட்டு முத்திரைகளைக் காவல் காத்த சாலைக் கண்காணிப்பாளர் ஏட்டோடு ஓடி வந்தார். "ஏம்மா, நில்லு. எங்க போற?"

"வீட்டுக்கு."

"எதுல போற, எது மேல போற, சொல்லு. கேஸ் எழுதணும்."

"உமக்குக் கண்ணு தெரியும்லா? பாத்து எழுதும்," என்று சொல்லித் துடுப்பைப் போட்டாள்.

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். சாலையில் படகு போகிறது என்று எழுதினால் மேலதிகாரி சிரிப்பார். தண்ணீரில் போகிறது என்று எழுதினால், எந்தத் தண்ணீர் என்ற கேள்வி வரும். ஆறு என்று எழுதினால் வேலை போகும். படகு வேகத்தடைக் கற்களைச் சுற்றிக்கொண்டு, திட்டை நெருங்கி, மூன்று பேரையும் இறக்கிவிடும்வரை அவர் பேனாவும் கையுமாக நின்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்:

'பிற்பகல் மூன்று மணி. சாலையில் வாகனம் எதுவும் இல்லை.'