பாலையூற்றுக் கிணறும் வளாகத்துப் புதுத் தண்ணீரும்

அன்பு மக்டலின் அக்காவுக்கு, தம்பி பற்றிக் எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் புஸ்பராணியும் மகள் ஜெசிகாவும் சுகம். தண்ணீர் ஒன்றுதான் சுகமில்லை. பாலையூற்றில் நீங்களும் அத்தானும் உங்கள் கிணறும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

எங்கள் குடியிருப்பு வளாகத்தின் பழைய தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உங்களுக்குத் தெரியும். குழாயைத் திறந்தால் தேத்தண்ணி நிறத்தில் வரும். வெள்ளைச் சட்டை ஒரு மாதத்தில் மஞ்சளாகும். அதைத் திருத்தச் சொல்லி, குடியிருப்போர் சங்கத் தலைவராக முதலில் கத்தியவன் நான்தான். திருத்த வந்த பொறியியலாளர் என் மகளாய் இருந்தது என் கெட்ட காலம். வடிகட்டும் மணலை மாற்றினாள், தண்ணீர்த் தாங்கிகளைத் தேய்த்துக் கழுவுவித்தாள், குழாய்களை அலசிய அன்று நான் உடம்பெல்லாம் சவர்க்காரத்தோடு நிற்கத் தண்ணீர் நின்றுபோய், துவாயோடு ஓடிப் பக்கத்து வீட்டு ஸெய்னுதீன் சேரின் கதவைத் தட்டினால், திறந்தவரும் சவர்க்காரத்தோடு நிற்கிறார். இப்போது தண்ணீர் பளிங்காய் வருகிறது. ஆனால் ருசி? தேத்தண்ணிக்குச் சாயம் ஏறவில்லை என்கிறார் சேர், பருப்பு அவியவில்லை என்கிறாள் புஸ்பராணி. எனக்கென்றால் ஓரிடத்தில் இருக்க ஏலாது. கதிரையில் இருந்தால் எழும்புகிறேன், எழும்பினால் குசினிக்குப் போய்க் குழாயை மணந்து பார்க்கிறேன்.

றுவைஸின் ஓட்டோவில் கிழமைக்குக் கிழமை நீங்கள் அனுப்பும் கிணற்றுத் தண்ணீர்க் கான் இல்லாவிட்டால் நான் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பேன். ஒரு மிடறு குடித்தால் உயிர் வருகிறது. அண்மையில் வந்த கான்கள் முந்தியதைவிடத் திறம்.

நாளைக்குச் சங்கக் கூட்டம். புதுத் தண்ணீரை நாங்கள் வேண்டாம் என்றால் பிள்ளை பட்ட பாடெல்லாம் வீண், வேலை நிரந்தரமாவதும் சந்தேகம். பெற்ற மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனால் நாக்கு பொய் சொல்லுமா அக்கா? உங்கள் கானை மேசையில் வைத்து, ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்து, தண்ணீர் என்றால் இதுதான் என்று காட்டப்போகிறேன். ஜெசிகாவிடம் சொன்னேன். கோபிக்கவில்லை. கானில் கொஞ்சம் எடுத்து ஏதோ மருந்துத் துளி விட்டுப் பார்த்தாள். பிறகு, "ஓம் அப்பா, கட்டாயம் கொண்டு வாங்கோ. ஒருத்தரையும் விடாமக் குடுங்கோ" என்றாள். பிள்ளை தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தானுக்கு என் அன்பு. உங்கள் கிணறு என்றைக்கும் வற்றாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி பற்றிக்

பி.கு.: கடிதத்தை வாங்க வந்த றுவைஸிடம் இன்னும் இரண்டு கான் கேட்டேன். தலையைச் சொறிந்தான். "சேர், அக்காட கிணறு உப்பாப் போய் ரெண்டு மாசம். தம்பி ஏங்கிப் போவான், சொல்லாத எண்டவ. நான் உங்கட வளாகத்து வாசல் குழாயிலதான் புடிச்சுக்கொண்டு வாறனான்." கானில் இருப்பது தான் குளோரின் போட்ட தண்ணீர்தான் என்று அந்த மருந்துத் துளியிலேயே பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். எட்டிப் பார்த்தால், ஜெசிகா கானைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டு, வளாகம் முழுவதுக்கும் போதுமான கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.